வேலம்மாள் கண்ணில் முளைத்த முடி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், முக்கொம்பில் காவிரி பிரிவதுபோல என் நாக்கும் இரண்டாகப் பிரியட்டும். அத்தனையும் நடந்தது. 1958, ஆடி மாதம், திருச்சி பாலக்கரையில், பட்டப்பகலில்.

முசிறி வேலம்மாள் வீரமலைக்கு இரண்டாம் தாரம். இடது கருவிழி ஓரத்தில் அவளுக்குப் பிறவியிலேயே கடுகளவு வெள்ளைக் கட்டி. பெண் பார்க்க வந்த அன்று அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அடக்கமான பெண் என்று மெச்சிப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கட்டி பயறளவு ஆனது. அதில் இரண்டு முடியும் முளைத்தது.

அன்றோடு வீரமலையின் கை அடங்கியது. மூத்தாள் இருளாயி காவிரி வெள்ளத்தோடு போனவள். அவள்தான் கண்ணில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். தினம் அடித்தவன், வேலம்மாள் நிமிர்ந்து பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்று மரியாதையாகக் கேட்டான். மூத்தாளை வெட்டி எறியத்தான் டாக்டரிடம் கூட்டி வந்தான்.

கண் டாக்டர் நசுருதீன் அவளை மட்டும் இருட்டறைக்குள் உட்கார வைத்து, மருந்து விட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"புத்துநோய் இல்லம்மா, பயப்படாதீங்க. தோலா வளர வேண்டியது கண்ணுல வளந்துருக்கு. அதான் முடி. பொறவிக் கட்டி. அபூர்வம். வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி."

"பொறவின்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. ஏமாத்திக் கட்டி வச்சாங்கன்னு அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"பின்ன? பேயின்னு சீட்டு எழுதித் தரவா?"

வீரமலையைக் கூப்பிடப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு.

சொட்... சொட்...

பக்கத்து நாற்காலியிலிருந்து. ஈரத் தலை... ஆற்றுச் சேற்று வாடை.

"இப்பவும் அடிக்கிறானா?" பெண் குரல்.

"முடி மொளச்சதுலேருந்து... இல்லக்கா."

"அப்ப வெட்ட விடாதே. நான்தான்னு சொல்லு. என் பேருக்கு இனிமே என்ன கேடு?"

கதவு திறந்தது.

நாற்காலி காலி. அடியில் தண்ணீர்... முதுகுச் சட்டத்தில் முழ நீள ஈர முடி.

"பொற..." என்று தொடங்கிய டாக்டர் வாயை மூடிக்கொண்டார். வீரமலை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வெட்ட வேணாங்க," என்றாள் வேலம்மாள். "அக்கா இருக்கட்டும்."

கட்டி கடைசிவரை இருந்தது. அடி விழவில்லை.

1965இல் வீரமலையின் சாவுக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: இருளாயி சாகவே இல்லை, புருஷனுக்குப் பயந்து ஓடிப்போய், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் இத்தனை வருஷமும் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள்.