மேட்டில் மட்டும் நிற்கும் வண்டி

“வாடிக்கையாளர் சொன்னது: மலை ஏறும்போது என்ஜின் அணைகிறது. பரிசோதித்ததில்: குறை ஏதும் இல்லை.” ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சி கார் ஷோரூமில் தந்த ஜாப் கார்டில் இப்படி எழுதியிருக்கிறது. வண்டி வாங்கியது வைகாசியில். அதற்குள் இது மூன்றாவது கார்டு. முந்தைய இரண்டிலும் இதே வாசகம்தான், கையெழுத்து மட்டும் வேறு.

அந்தக் காரை வாங்கியதே மலைக்காகத்தான். என் மனைவி கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதினொரு வருடம் பஸ்ஸில் போய் வந்தாள். முழங்கால் தேய்ந்து, பஸ் படி ஏற முடியாமல் போனபோது, ஒன்று கீழே மாறுதல் கேட்க வேண்டும், இல்லை கார் வாங்க வேண்டும் என்றானது. ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. அதுவரை அந்தப் பள்ளியிலேயே இருந்துவிட வேண்டும் என்றாள். நான் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஓட்டுவது என் பொறுப்பாயிற்று.

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வரை வண்டி ஒழுங்காக ஓடும். கோமுகி அணையைத் தாண்டி, பாறையை ஒட்டிய வளைவில் ஏறும்போது ஒருமுறை திணறி அணையும். ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி ஒரு முழம் பின்னால் இறங்கும். கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மலையில் காரில் தனியாகப் போக முடியாது. வழியில் நிற்பவர்கள் கை காட்ட மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். நிறுத்துவது வண்டிக்காரர் வேலை. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரை விட்டுவிட்டு டீச்சர் போக முடியாது. வண்டி நின்ற ஒருநாள், பின்சீட்டில் சாமை மூட்டையை அணைத்தபடி இருந்தவர் சொன்னார்: “டீச்சர் வூட்டு வண்டிக்கு நம்ம மலை ஒத்துக்கல போலக் கீது. எறங்கித் தள்ளுங்கப்பா, இல்லாங்காட்டி பசங்க லீவுன்னு ஓடிடும்.”

“தள்ளறதுக்கு நீ மொதல்ல எறங்கு,” என்றாள் அவர் மனைவி.

ஒவ்வொரு முறை நின்றபோதும் நோட்டில் எழுதினேன்: கிழமை, நேரம், மழையா வெயிலா, யார் யார் இருந்தார்கள். மலையேறிய பழைய பயணிகளின் குறிப்புகளை நிறைய வாசித்திருக்கிறேன். மழையைப் பற்றி இருக்கும், மரங்களைப் பற்றி இருக்கும். மூட்டையைச் சுமந்தவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்தக் குறை என் நோட்டில் வேண்டாம் என்று, ஏறிய எல்லோரையும் அவர்கள் சுமையோடு எழுதிவைத்தேன்.

ஷோரூமில் வண்டியைப் புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஒரு ஆள் மலைக்கு வந்தால் போதும் என்றேன்.

“மலைக்கெல்லாம் ஆள் அனுப்ப மாட்டாங்க சார்,” என்றார் அங்கிருந்த சர்வீஸ் அட்வைசர். “வண்டி நல்லாத்தான் கீது. கியர மாத்திப் போட்டு ஏறிப் பாருங்க.”

புரட்டாசியில் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இவ்வளவு துல்லியமான பதிவைப் பார்த்த பிறகு மறுக்க முடியாது என்று நம்பினேன். அட்வைசர் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். இரண்டு வாரத்தில் ஷோரூமிலிருந்து இப்படிக் கடிதம் வந்தது: ஐந்து பேர் அமரும் வண்டியில் ஏழு பேரும் இரண்டு மூட்டையும் ஏற்றியதாக உரிமையாளரே எழுதியிருக்கிறார். அதிகச் சுமையால் வந்த பழுதுக்கு வாரண்டி இல்லை. நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது நான்கு முறை நின்றதும் அதே நோட்டில் இருந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என் மனைவி கடிதத்தை இருமுறை படித்தாள். “மூட்டய யாராச்சும் எழுதுவாங்களா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று புது நோட்டு ஒன்று வாங்கி, ஆட்களையும் மூட்டைகளையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதத் தொடங்கினேன். மூன்று பக்கம் ஆனது. அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கைக்கொழந்தையோட வந்துச்சே ஒரு பொண்ணு, அதையும் எடுத்துட்டீங்களா?”

அத்தோடு எழுதுவதை நிறுத்தினேன். பழைய நோட்டையே முழுவதும் நகலெடுத்து, இருவர் மட்டும் போன நாட்களைக் கோடிட்டு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் ஐப்பசி மழை வந்தது. ஒரு திங்கட்கிழமை அதே வளைவில் வண்டி நின்று, ஈரத்தில் வழுக்கி, ஓரக் கல்லில் பின்சக்கரம் இடித்து நின்றது. உள்ளே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். என் மனைவி அவர்களை இறக்கி, முழங்காலைப் பிடித்தபடி மழையில் நடத்திக்கொண்டு போனாள். அந்த வாரமே மருத்துவக் காரணம் காட்டி மாறுதலுக்கு எழுதிக்கொடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

கார்த்திகையில் தலைமை அலுவலகம் அனுப்பிய ஒரு மெக்கானிக் வந்தார். காரில் அவரும் நானும் மட்டும்தான். அவரே ஓட்டினார். வளைவில் வண்டி அணைந்தது. சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். கிளம்பவில்லை.

“நிக்குது சார்,” என்றார்.

டாங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பை மாற்றினார்கள். மார்கழி முதல் வியாழன் வண்டி திரும்பி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு மாறுதல் ஆணை வந்திருந்தது, எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கு. வழி முழுக்கச் சமதரை. தினமும் அழைத்துப் போய் வருகிறேன். ஒருமுறைகூட நின்றதில்லை.

மலைக்குப் போய் ஒருநாள் ஏற்றிப் பார்த்துவிடலாமா என்று பொங்கல் விடுமுறையில் கேட்டேன். “அந்தப் புள்ளைங்க வழில நின்னா இன்னான்னு சொல்றது?” என்றாள். அதன்பின் நான் கேட்கவில்லை. புது பம்ப் பழுதைச் சரிசெய்துவிட்டதா என்பது இதை எழுதும் வரை உறுதிசெய்யப்படவில்லை.