நீலக் குச்சியின் பூட்டு

அக்காவின் பென்டிரைவ் நீல நிறம். ஆள்காட்டி விரலில் பாதி நீளம் இருக்கும். அதன் விலாவில் கடுகளவு ஒரு பூட்டு. சாவி கிடையாது, நகத்தால் தள்ளினால் போதும். அந்தக் கடுகைத் தள்ளியது என் நகம். இத்தனை வருடம் கழித்தும் கையை விரித்தால் முதலில் அந்த விரல்தான் என்னை நிமிர்ந்து பார்க்கிறது.

மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில், பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட ஊர் எங்களுடையது. அங்கிருந்து மலையிறங்கிக் கல்லூரிக்குப் போன முதல் பெண் அக்கா. கடைசி வருடத்தில் ஒரு ஆய்வறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மலையில் விதை காக்கும் முறைகள் என்று அவளே தலைப்பு எடுத்துக்கொண்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊர் ஊராக நடந்தாள், கேட்டாள், நோட்டில் எழுதினாள். பிறகு செம்மேட்டில் பஸ் திரும்பும் இடத்தில், மூன்று கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாற்பத்திரண்டு பக்கம் ஏற்றினாள். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

அப்பா மிளகுக்காரர். அவர் பேச்சும் மிளகுதான், சின்னதாக, உறைப்பாக இருக்கும்.

"பட்டம் வாங்கிட்டா மேல படி. ஒண்ணு தவறினாலும் வைகாசில கல்யாணம்."

மாப்பிள்ளை திண்ணனூர் நாட்டில் தயாராக இருந்தார். மாமன் மகன். அக்கா தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலில் சம்மதம் எவ்வளவு, சவால் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற வயது எனக்கில்லை.

கடைக் கம்ப்யூட்டர் பொதுக்கிணறு மாதிரி. யார் யாரோ குடத்தை விடுவார்கள், எந்தக் குடத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. வைரஸ் பற்றிக் கல்லூரியில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அதனால் அக்கா மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டுமே உட்காருவாள். அது காலியாகும்வரை காத்திருப்பாள். தட்டியதைச் சேமிக்கிற ஒரு நிமிடம் மட்டும் பூட்டைத் திறப்பாள், உடனே தள்ளி மூடுவாள். மூடியிருந்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். வெளியிலிருந்து எதுவும் உள்ளே ஏறாது. கடைக்காரரே கேலி செய்வாராம், "நகைப்பெட்டிக்குக் கூட இத்தனை காவல் இல்லீங்க தங்கச்சி" என்று.

வீட்டில் அம்மா தன் பங்குக்கு ஒரு காவல் போட்டாள். இதற்கும் பூச்சி பிடிக்கும் என்று எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் சாமை விதை வைக்கிற சுரைக்குடுக்கை இருந்தது. சாம்பலும் நொச்சி இலையும் போட்டு வாய் கட்டிய குடுக்கை. அதற்குள் வைக்கச் சொன்னாள். அக்கா மறுக்கவில்லை. பிளாஸ்டிக் காகிதத்தில் சுருட்டி வைத்தாள். அம்மா குடுக்கையின் வாயைக் கட்டிவிட்டுக் கேட்டாள்:

"பாதிய மாமன் ஊட்ல குடுத்து வெச்சிட்டியா கண்ணு?"

எங்கள் வீட்டில் விதையை ஒரே கூரையின் கீழ் வைப்பதில்லை. தீப்பிடித்தாலும் எலி புகுந்தாலும் பாதியாவது தப்பட்டும் என்று, வருடா வருடம் பாதி விதை திண்ணனூர் நாட்டு மாமன் வீட்டுக்குப் போகும். அவர்கள் பாதி இங்கே வரும்.

"அதென்ன சாமையாம்மா, பாதி அள்ளிக் குடுக்க?" என்று நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அந்தப் பாதி விதை வழக்கத்தைப் பற்றித் தன் அறிக்கையில் அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் யாரோ சினிமாப் பாட்டுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். என் பெஞ்சுக்காரி ஒருத்தி தினமும் என்னைச் சீண்டுவாள்.

"உங்கக்காகிட்ட பென்டிரைவ் இருக்குதுன்னு கதை உடாத. கொண்டாந்து காட்டு, பாக்கலாம்."

ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். காட்டியதோடு நின்றிருக்கலாம். சித்தப்பா வீட்டுக்குப் புதிதாக ஒரு டிவிடி பெட்டி வந்திருந்தது, பென்டிரைவ் சொருகினால் பாடுமாம். மதியம் சார் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பாட்டு ஏற்றப் பார்த்தோம். ஏறவில்லை.

"பூட்டியிருக்குதுடி. தெறந்து உடு."

திறந்துவிட்டேன். இரண்டு பாட்டும் ஏறின. வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் பூட்டைத் தள்ளி மூடி, சாம்பல் சிந்தாமல் குடுக்கையில் வைத்தேன். உள்ளே ஏறியதையும் சேர்த்துத்தான் பூட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்ததுமே அக்கா குடுக்கையை அவிழ்த்துவிட்டாள். சித்தப்பா வீட்டுக்குப் போக எனக்கு நேரமே வாய்க்கவில்லை. திங்கட்கிழமை அறிக்கையை ஒப்படைக்க வேண்டும், அன்று அச்சடிக்கும் நாள். போண்டா வாங்கித் தருகிறேன் என்று என்னையும் கூட்டிப்போனாள். நான் கடைக்குள் நுழையவில்லை. பாட்டுகள் திரையில் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே மூடுபனி பாக்கு மரங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது.

உள்ளே அக்காவின் குரல் கேட்டது. "ஏனுங்கண்ணா, போல்டரைத் தெறந்தா மறுபடி அதே போல்டர்தானுங்க வருது."

"நகருங்க தங்கச்சி, பாக்கறேன்." கொஞ்ச நேரம் தட்டும் சத்தம். "வைரசுங்க. உள்ள இருந்ததெல்லாம் தின்னுருச்சு. போன வாரம் லாரிக்காரர் ஒருத்தரோட கல்யாணப் போட்டோவுக்கும் இதே கதிதான்."

"இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்குமுங்களா?"

"சாயங்காலமானா எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தானுங்க கடை சாத்தறேன். ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

மூன்று கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கடைசியில் அவர் சொன்னார், "பார்மேட் போட்டுத் தாரேன். குச்சியாச்சும் மிஞ்சும்." அதற்கு மேல் ஏதோ கேட்டார். அந்த நேரம் பார்த்து நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது, என் காதில் விழவில்லை. அக்கா சொன்னது மட்டும் விழுந்தது.

"வேண்டாமுங்க. எல்லாத்தையும் அழிச்சுருங்க."

சொல்ல நா கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். எல்லாம் போயிற்று என்று கேட்டதும் என் நெஞ்சில் முதலில் இறங்கியது நிம்மதி. எல்லாம் என்றால் பாட்டும்தானே.

அக்கா வெளியே வந்தாள். போண்டா வாங்கிக் கொடுத்தாள். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். திரும்பி நடக்கும்போது, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, முன்னால் போனவள் நின்று திரும்பினாள்.

"நீ அதைத் தொட்டியா சாமி?"

"இல்லக்கா."

என் வாயோரம் ஒட்டியிருந்த போண்டாத் துணுக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள். "செரி" என்றாள்.

திங்கட்கிழமை நோட்டுகளை எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள். கையெழுத்தில் வாங்க மாட்டோம், அடுத்த வருடம் வா என்றார்களாம். அடுத்த வருடம் என்ற ஒன்று அப்பாவிடம் இல்லை. வைகாசியில் கல்யாணம். பாதி விதை போகிற வீட்டுக்கு அக்கா முழுதாகப் போனாள்.

எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்புகிற நேரத்தில் அக்கா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இவளை எங்க வேணாலும் படிக்க உடோணுமுங்க." மிளகுக்காரர் அன்று மறுபேச்சுப் பேசவில்லை. பிரியப்போகிற பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்து, நானும் எல்லோரோடும் சேர்ந்து அழுதேன்.

அவள் கேட்டபடி படித்தேன். கம்ப்யூட்டர்தான் என் சோறு ஆயிற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் பென்டிரைவ் கொண்டுவந்தார். போல்டருக்குள் அதே போல்டர். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, ஒரே ஒரு வரி தட்டினார். காணாமல் போனவை வரிசையாக எழுந்து நின்றன. இந்த வகை வைரஸ் எதையும் தின்பதில்லையாம். போல்டர்களை மறைத்துவிட்டு, அதே முகத்தில் பொய்ப் போல்டர்களை வாசலில் நிறுத்துமாம். அந்த நாற்பத்திரண்டு பக்கமும், பார்மேட் போடும்வரை, உள்ளேயே இருந்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் இன்னொன்றும் சொன்னார், போகிறபோக்கில்: "போல்டரைத்தான் மறைக்கும். வெளிய தனியாக் கெடக்கற பாட்டு, படம் எதையும் தொடாது. அது பாட்டுக்கு இருக்கும்."

பஸ் ஹாரனில் எனக்குக் கேட்காமல் போன கடைக்காரரின் கேள்வி அன்றைக்குக் கேட்டது. ரெண்டு பாட்டு இருக்குதுங்களே தங்கச்சி, அது வேணுமுங்களா?

பார்த்துவிட்டுத்தான் அக்கா வெளியே வந்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் போண்டா வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.