முகூர்த்தத்தில் அணைந்த லேப்டாப்

ஈஸ்வரமூர்த்தி கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பக்கத்துக் கடையில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன், அவரைப் போல நல்ல மனிதரும் இல்லை, வீம்பு பிடித்தவரும் இல்லை. கடைந்த சாமான் துளி பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைவார். சொன்ன சொல்லை மட்டும் திருத்தத் தெரியாது.

ஒரே மகள் லோகப்பிரியா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றே தன் செல்போனைச் சுவரில் அடித்து உடைத்தார்; வேறு வாங்கவும் இல்லை. "அந்தக் கல்யாண மண்டபத்துப் படிய நான் மிதிக்க மாட்டனுங்க" என்று என்னிடமும் சொன்னார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். அவர் மனைவி முத்தாத்தாள் அவரிடம் சொல்லிவிட்டே கிளம்பிப் போனார். இவர் தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை.

அன்று காலை லீவு நாளில் பட்டறை ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, கொஞ்சம் வாங்க" என்று ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார்.

மேசையில் பில் போடும் லேப்டாப். கல்யாணத்தை நேரலையில் பார்க்கப் பட்டறை மெயிலுக்கு மகள் லிங்க் அனுப்பியிருந்தாள். அழுத்தினால் மேடை தெரிகிறது, சற்று ஓடுகிறது, திணறுகிறது, கடைசியில் லேப்டாப்பே அணைந்துபோகிறது.

என் போனை நீட்டினேன். "ஊரான் போன்லீங்களா எம் புள்ள கல்யாணத்தப் பாக்கறது?" என்று தள்ளிவிட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நேரில் போக மாட்டார், அடுத்தவன் போனிலும் பார்க்க மாட்டார், ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது.

பட்டறைக்குக் கணக்கு எழுதும் மெர்சியைப் போனில் பிடித்தேன். "மத்த டேப்பெல்லாம் மூடிப்போடுங்கண்ணா" என்றாள். மூடினோம். பழைய ஹிஸ்டரியை அழிக்கச் சொன்னாள், வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னாள், படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னாள். எல்லாம் செய்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஓடி அணைந்தது. "பில் போடறப்ப நல்லாத்தானுங்க இருக்குது" என்று அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரப் பாதை. கார் வாசலில் நின்றது, சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைவிட அதிக நேரம் நாங்கள் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினோம்.

மறுபடி திறந்தபோது மகள் மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ கையைத் தூக்கினார்கள், கெட்டிமேளம் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு திரை கருத்தது. அவர் மேசையை ஓங்கிக் குத்தினார்.

லேப்டாப்பை நகர்த்தப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். எரியப்போகும் மோட்டாரின் சூடு எனக்குத் தெரியும். தூக்கிப் பார்த்தால் பின்பக்கக் காற்றுத் துவாரங்களில் சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது, நடுவில் குங்குமம். பில்லுக்குச் சூடேறாது, வீடியோ என்றால் ஏறும். வெக்கை வெளியே போக வழியில்லாமல் அணைந்துகொண்டிருந்தது.

"இதுக்குமாங்க அப்புனீங்க?"

"பூசைக்கு வருசா வருசம் இதுக்குப் பொட்டு வெக்கறது புள்ளதானுங்க. மூடி மேல சின்னதா வெப்பா. இந்த வருசம் அவ இல்லீங்களே. லேத்துக்குப் பூசுன கையோட நானே பூசிப்போட்டேன்."

சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, கம்ப்ரசர் காற்றடித்து, ஆறவிட்டு, மறுபடி ஆன் செய்தேன். இந்த முறை நிற்காமல் ஓடியது.

அதற்குள் அவள் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. சொந்தங்கள் வரிசையாக வந்து அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தாத்தாள் ஒரு பிடி அள்ளி இருவர் தலையிலும் போட்டார். பிறகு ஓர் அடி தள்ளி நின்று இன்னொரு பிடி போட்டார். அது யாருடைய பங்கு என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஈஸ்வரமூர்த்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இனி அணையாதுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம்" என்றேன்.

"இனி என்னத்தங்க பாக்கறது" என்றார்.