கவுண்டரில் கேட்ட கேள்வி

கார் சக்கரத்தில் கிளாம்ப்பைப் பூட்டிவிட்டு நிமிர்வதற்குள் நான்கு பெண்கள் ஓடி வந்தார்கள்.

"அங்கிள், பூட்டாதீங்க! இன்னிக்கு ப்ரெசன்டேஷன் இருக்கு!"

"பூட்டியாச்சு. ஸ்டிக்கர் எங்க?"

"அப்ளை பண்ணோம். ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"அப்புறம் எந்தத் தைரியத்துல உள்ள கொண்டாந்து போட்ட?"

"காரு என்ன சுவரேறியா குதிச்சிச்சு? உங்க ஆளுதான் கேட்டைத் தொறந்து விட்டாரு," என்றாள் பின்னால் நின்றவள். வாய்க்காரி. பெயர் ஷாமினி.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களின் கார்கள்தான் என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ரூல்

எங்கள் ரூல் இதுதான். ஸ்டிக்கர் இல்லாத கார் உள்ளே நிற்கக்கூடாது. ஸ்டிக்கர் வேண்டுமென்றால் காரின் கிரான், அதாவது உரிமைப் பத்திரம், மாணவர் பெயரிலோ அப்பா அம்மா பெயரிலோ இருக்க வேண்டும். அந்த செகண்ட் ஹேண்ட் மைவி கார், நால்வரில் அதை ஓட்டி வந்த தர்ஷினியின் தாய்மாமா பெயரில் இருந்தது. அதனால் ரிஜெக்ட்.

இந்த ரூலை எழுதியவருக்கு நம் வீடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு லோன் கிடைக்காது, மாமா பெயரில் கார் எடுப்பார்கள், மாதாமாதம் அப்பா கட்டுவார். இப்படி எத்தனை கார் ஓடுகிறது!

நான்கு பேரும் தொலைவில் உள்ள பண்டார் தெங்காரா ஊர்ப் பிள்ளைகள். இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸை நம்பினால் காலை வகுப்பு கிடையாது. ஒரே காரில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கார் நின்றால் நான்கு பேர் படிப்பும் தடுமாறும். இதை நான் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஓனர் நேர்ல வரட்டும், பாப்போம்," என்றார். அவரும் நம்மவர்தான். அன்றைக்கு மட்டும் கிளாம்ப்பை எடுத்துவிட்டேன்.

மாமா வந்த நாள்

மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். லீவு போட்டுவிட்டு, முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் தர்ஷினி. பின்னால் ஸ்டிக்கருக்கு நின்ற மாணவர் வரிசை. துணைக்கு வந்த ஷாமினியும் அதில் நின்றாள்.

பிரிவுத் தலைவர் கவுண்டர் கண்ணாடிக்கு உள்ளே இருந்தபடியே கேட்டார்.

"மாமா பேர்ல எதுக்கு வாங்குனீங்க? அப்பா இல்லையா?"

"இருக்காரு சார்," என்றார் மாமா.

"அப்ப அவரு பேர்லயே வாங்க வேண்டியதுதானே?"

மாமா என்னைப் பார்த்தார். வரிசைக்கு முன்னால் சொல்ல முடியாத வீட்டு விஷயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சார், உள்ள ரூம்ல உக்காந்து பேசலாமே," என்றேன்.

"எதுக்கு? என்ன ரகசியம்? திருட்டுக் காரா?"

வரிசையில் சிரித்தார்கள். மாமாவின் முகம் மாறியது. கண்ணாடிக்கு உள்ளே கேட்க வேண்டுமே என்று, லோரிக்காரக் குரலில் சத்தமாகவே சொன்னார்.

"திருட்டுக் காருலாம் இல்ல சார். மச்சான் ஒரு கூட்டாளிக்கு கேரண்டி கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டாரு. பேங்க்ல அவரு பேரு பிளேக்லிஸ்ட். கட்றது அவரு, பேரு மட்டும் என்னுது. போதுமா?"

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை மொதல்லயே சொல்லிருக்கலாம் லா," என்று சிரித்துக்கொண்டே தலைவர் கையெழுத்துப் போட்டார். ஸ்டிக்கர் அங்கேயே கிடைத்துவிட்டது. அவர் கெட்ட ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட ஆளாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் அந்த மைவி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஷாமினியைப் பிடித்துக் கேட்டேன்.

"அந்தக் காரு இனி வராது அங்கிள். நான்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, ஸ்டிக்கர் கெடச்ச கதைய எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்க கடையில சொல்லி, அது தர்ஷினி அப்பா காதுக்குப் போயிடுச்சு. 'ஊரு பாக்க என் மானத்தை வித்துட்டு வந்தியா'ன்னு மாமாகிட்ட சண்டை. 'உன் பேரு போட்ட காரு என் வாசல்ல நிக்கக்கூடாது'ன்னு சாவிய விட்டெறிஞ்சிட்டாரு."

அவள் கண்ணில் தண்ணீர்.

மாமாவுக்கு போன் போட்டேன். "விடுங்கண்ணே. அந்தப் புள்ளைக்காகத்தானே வந்து நின்னேன்? இப்ப அக்கா வீட்டுப் பக்கமே போறதில்ல," என்று வைத்துவிட்டார்.

மற்ற மூவரும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வெளியே ஒரு ரூம் பிடித்துக்கொண்டார்கள். தர்ஷினியின் வீட்டில் அதற்கு வசதி இல்லை. பஸ்ஸில் கொஞ்ச நாள் அலைந்தாள், பாதி வகுப்பு போனது. படிப்பை ஒத்திப்போட்டுவிட்டு கூலாயில் ஒரு ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டாள்.

புதிதாக வருகிறவர்களே, கவுண்டரில் காரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். கேள்வி ஒருவன் வீட்டுக்குள் போகிறதென்றால், எழுந்து அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். உங்கள் மேலதிகாரி கேட்டாலும் நடுவில் புகுந்து நிறுத்துங்கள். உள்ளே உட்கார்ந்து பேசலாம் என்று நான் அன்றைக்கு ஒரு தடவைதான் சொன்னேன். அது பத்தவில்லை.

ஒத்திப்போட்டவள் திரும்பி வருவாள் என்று நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் கேட்டில் நின்று பார்த்தேன். வரவில்லை.