சிவலை முகர்ந்து பார்த்த புண்ணாக்கு

புண்ணாக்கு பூசணம் பிடித்தது. சங்கம் பாலைத் திருப்பி அனுப்பியது. பக்கத்துத் தோட்டத்து மாதப்பன் மாடு படுத்துவிட்டது. மூன்றுக்கும் காரணம் நான். மாடு வளர்ப்பது எளிது. அது தின்பதற்குப் பதில் சொல்வதுதான் பாடு. மாடு வைத்திருப்பவர்களே, சிரிக்க வேண்டாம். உங்கள் கொட்டகையிலும் ஒரு மூட்டை சுவரில் சாய்ந்துதான் கிடக்கும்.

வெயில் வைத்தியம்

மைசூர் பக்கம், நஞ்சன்கூடு ரோட்டில் எங்கள் தோட்டம். மழையில் சுவர் ஓதம் ஏறி, கடலைப் புண்ணாக்கில் பச்சைப் பொடி. எறிய மனமில்லை. களத்தில் காயப்போட்டேன், துடைப்பத்தால் தட்டினேன். பளிச்சென்று ஆனது. மாடுகள் தின்றன. சிவலை மட்டும் முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. "கொழுப்பு" என்று திட்டினேன். மாதப்பன் கேட்டான் என்று அவனுக்கும் ஒரு மூட்டை கொடுத்தேன்.

அந்த வாரமே சங்கத்தில் பாலைச் சோதித்துவிட்டு, விஷம் இருக்கிறது என்றார்கள். வெயில் கதையைச் சொன்னேன். செயலாளர் கேனைத் தள்ளி வைத்தார்.

"யஜமான்ரே, வெயில்ல பூசணம்தான் செத்துது. அது கக்கின விஷம் அப்படியே இருக்கு."

ருசி

மாதப்பனுக்கு இருப்பது ஒரே கறவை. வீடே அதில்தான் ஓடுகிறது. அது தீனி எடுக்காமல் படுத்ததும் கால்நடை டாக்டரம்மா வந்தார். புண்ணாக்கைப் பார்த்து முகம் சுளித்தார். எனக்குக் கோபம். இத்தனை வருஷமாக நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த மூட்டையையும் நான் மாட்டுக்குப் போட்டதில்லை. அங்கேயே ஒரு துண்டைக் கடித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் ஊசியைப் பெட்டியில் வைத்தார். "மாட்டுக்கு வைத்தியம் ஆச்சு. உங்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்?"

வைக்கோல்

போலீசுக்குப் போகிறேன் என்றான் மாதப்பன். நான் மைசூர் போய் வக்கீலைப் பார்த்தேன்.

"வித்தீங்களா, சும்மா கொடுத்தீங்களா?"

"விற்கவில்லை. பதிலுக்கு வைக்கோல் தந்தான். ஊர் வழக்கம்."

"பதிலுக்கு வாங்கினா வியாபாரம்னு பேசுவாங்க."

"திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

"வைக்கோல் எங்கே?"

மாடு தின்றுவிட்டது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டம் எல்லாம் அப்புறம். முதல்ல போய் அந்த மாதப்பன் கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

மன்னிப்பு

கேட்கப் போனேன். வாய் வரவில்லை. "உன் மாட்டுக்குச் சீரணம் கொஞ்சம் மட்டு" என்று வந்தது. மாதப்பன் தடியைத் தேடினான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி ருக்மணி பின்னால் வந்தாள், சிவலையைக் கயிற்றில் பிடித்தபடி. "நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் என்னிடம். பிறகு அவனிடம், "தம்பி, உன் மாடு தேறிக் கறக்கற வரைக்கும் இது உன் வீட்டுலயே கறக்கட்டும். வைத்தியச் செலவு எங்களோடது. பயப்படாதே, இது அந்தப் புண்ணாக்கைத் தொடவே இல்லை."

மாதப்பன் சிவலையின் நெற்றியைத் தடவினான். என்னைப் பார்த்தான். மறுபடி சிவலையைப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, வீட்டுல புத்தியோட ரெண்டு பேரு இருக்கீங்க, அப்புறமும் இவரையா தீவனம் வாங்க அனுப்பறீங்க?"

மாதப்பன் மாடு எழுந்துவிட்டது, மூட்டைகள் குழிக்குப் போயின, புதுத் தீவனம் பலகைமேல் இருக்கிறது, சங்கமும் பாலை எடுக்கிறது. பண்ணைக்கு முதலாளி இன்றும் நான்தான், கொட்டகைச் சாவி மட்டும் இடுப்பில் செருகியிருப்பவள் ருக்மணி.