அட்டை வாங்கிய யாகூப்

இராக் படை குவைத்துக்குள் நுழைந்த அந்த ஆகஸ்ட் வரைக்கும் யாகூப் அடுப்பங்கரைப் பக்கம் போனவர் இல்லை. அமைச்சகத்தில் வண்டி உரிமப் பிரிவுக்குத் தலைவர். நாற்பத்திரண்டு வயது, கொஞ்சம் தொந்தி, அலுவலகத்தில் தேநீர் கொண்டுவர ஓர் ஆள், வீட்டில் சமைக்க ஓர் ஆள். பிள்ளைகள் இரண்டு பேர், ஸாலிமும் அவன் தங்கை ஹிஸ்ஸாவும். மூத்தவன் பெயரை வைத்து கைஃபான் பேட்டை முழுக்க அவரை ‘பூ ஸாலிம்’, அதாவது ஸாலிமின் அப்பா, என்றே கூப்பிட்டது.

படை வந்த மூன்றாம் வாரத்துக்குள் பேட்டை ரொட்டிக்கடையின் ஈரானியர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். மாவு மூட்டை இருந்தது, சுட ஆளில்லை. யார் வருகிறீர்கள் என்று பள்ளிவாசலில் கேட்டபோது, ஏனென்று தனக்கே தெரியாமல் யாகூப் கையைத் தூக்கினார். முதல் வாரம் தந்தூர் அடுப்புக்குள் கைவிட்டு முழங்கை வரை மயிர் பொசுங்கியது. ரொட்டியோ பல்லுக்கு அடங்கவில்லை. எதிர்வீட்டு லுல்வா நான்கு பிள்ளைகளின் தாய், வாய் சும்மா இருக்காது.

“பூ ஸாலிம், இது திங்கறதுக்கா, செருப்புக்கு அடித்தோல் போடறதுக்கா?”

“ரெண்டுக்கும் ஆகும், எடுத்துட்டுப் போ” என்றார் யாகூப்.

இரண்டு மாதத்தில் ரொட்டி ரொட்டியானது.

நவம்பரில் ஸாலிமைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. சுவரில் துண்டறிக்கை ஒட்டினானாம். காவல் நிலையத்தில் போய்க் கேட்டதற்கு, இங்கே அப்படி யாரும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை யாகூப் வழக்கம்போல மாவு பிசையப் போனார். அதற்காக அவர் மனைவி முனீரா பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெற்கு எல்லைக்கு அப்பால் உலகத்துப் படையெல்லாம் கூடியிருக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனவரியில் வரும் என்றார்கள், பிறகு பிப்ரவரி என்றார்கள். வெயில் ஏறத் தொடங்கியபோது இராக்கோடு எண்ணெய் பற்றி ஓர் உடன்பாடு வந்தது. பழைய விலைக்கே எல்லோருக்கும் எண்ணெய் உண்டு என்றானதும் கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பின. குவைத்தை இராக்கிடமே விட்டுவிட்டு, படைகள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயின. அன்று பேட்டையில் எல்லோரும் வானொலியை அணைத்துவிட்டார்கள்.

பிறகு அட்டை வந்தது. வீட்டார் பெயரெல்லாம் எழுதிய பழைய குவைத் குடும்பத்தாளை ஒப்படைத்துவிட்டு, இராக்கின் மாகாணத்தான் என்று எழுதிய புதிய அட்டையை வாங்கவேண்டும். அட்டை இல்லாதவனுக்கு மருத்துவமனை இல்லை, அட்டை இல்லாத கடைக்கு மாவு இல்லை. வாங்கமாட்டோம் என்று பள்ளிவாசலில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். முன்னால் நின்று சத்தியம் வாங்கியவர் யாகூபின் அண்ணன் வஹாப். புவியியல் ஆசிரியர். குவைத் இல்லாத புதிய வரைபடத்தை வகுப்பில் மாட்டமாட்டேன் என்று வேலையை விட்டவர்.

இருந்த மாவு மூன்று வாரம் வந்தது. அதன்பின் பேரீச்சம்பழமும் கஞ்சியும்தான். லுல்வாவின் கடைசிப் பிள்ளை கடை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகும். நான்காம் வாரம் யாகூப் யாரிடமும் சொல்லாமல் அட்டை அலுவலக வரிசையில் போய் நின்றார். பஸ்ராக்கார அதிகாரி மரியாதையாகவே நடத்தினான். படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் யாகூபின் பேனா நின்றது. ஸாலிம் என்று எழுதினார். எழுதிவிட்டு, இவனைப் பற்றி எங்கே விசாரிப்பது என்று கேட்டார்.

“அதான் அட்டை வாங்கிட்டீங்களே, இனி மனு போடலாம்” என்று அதிகாரி இன்னொரு தாளை நீட்டினான்.

மாவு வந்தது. முதல் நாள் சுட்ட ரொட்டி பலகையில் கிடந்து ஆறியது. ஆட்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். பத்து மணிக்கு லுல்வா வந்தாள். ஒரு கேலியும் பேசாமல், பன்னிரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆறு ரொட்டி, எட்டு ரொட்டி என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

வஹாப் வரவில்லை. யாகூபே ரொட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். வஹாப் வாசலில் மறித்தார்.

“மனு போட்டியாமே?”

“போட்டேன்.”

“அப்ப மாவுக்காகப் போனியா, மகனுக்காகப் போனியா?”

“தெரியலண்ணே. போகும்போது மாவுன்னு நெனச்சுதான் போனேன்.”

“மகனுக்காகன்னு சொல்லியிருந்தா உள்ள வான்னு சொல்லியிருப்பேன். ஊருக்காகன்னு சொல்லிட்டு வராதே. ஊரு உன்னை அனுப்பல.”

ரொட்டியை வாங்காமல் கதவைச் சாத்தினார்.

வஹாப் சர்க்கரை நோயாளி. யாகூப் தன் அட்டையைக் காட்டி, ஆளைப் பிடித்து, இன்சுலின் வாங்கி அண்ணியிடம் கொடுத்துவந்தார். மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த அன்றே வஹாப் ஊசியை நிறுத்திவிட்டார். முதலில் கால் அழுகியது. அடுத்த ரமலானுக்குள் ஆளும் போய்விட்டார். உடலைக் குளிப்பாட்ட யாகூபை விட்டார்கள். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனபோது, வஹாபின் மகன்கள் இடம் விடாமல் நெருங்கி நின்றுகொண்டார்கள். அவர் பின்னால் நடந்தார்.

ஸாலிமுக்காக ஆண்டுக்கு ஒன்றாக ஆறு மனு போட்டார். ஐந்துக்குப் பதில் இல்லை. ஆறாவதற்கு ஓர் இளம் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு குடிமகனே இல்லை என்றான். அட்டை வருவதற்கு முன்பே பிடிபட்டவன், நேரில் வந்து அட்டை வாங்காததால், யாகூப் படிவத்தில் எழுதியும் பெயர் ஏறவில்லை. பெயர் இல்லாதவனைப் பிடித்திருக்கவும் முடியாது. பழைய குடும்பத்தாள் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றான். அதை வாங்கிக்கொண்டதே இவர்கள்தான் என்று யாகூப் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முனீராவிடம் வார்த்தை மாறாமல் சொன்னார்.

“நான்தானே பெத்தேன்,” என்றாள் முனீரா. “அதுக்கும் அவனுங்ககிட்ட கேக்கணுமா?”

அதோடு மனு நின்றது. ரொட்டி நிற்கவில்லை. பத்து வருஷத்தில் சத்தியம் செய்த கடைசி ஆளும் அட்டை வாங்கி முடித்திருந்தான். அதற்காக யாரும் யாகூபிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வாங்கியவர் அவர் என்பது மட்டும் பேட்டைக்கு மறக்கவில்லை.

படை வந்த பதினான்காம் வருஷம் ஒரு மார்ச் காலையில், மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இறப்புத் தாளில் பிள்ளைகள் என்ற இடத்தில் மகள் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். முனீரா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ஹிஸ்ஸாவின் கணவன் போட்டான். கடையை ஓர் எகிப்துக்காரர் எடுத்து நடத்துகிறார். ரொட்டி முன்னைவிட மிருதுவாக இருக்கிறது என்கிறார்கள்.