அப்பாவின் கேமராப் பெட்டி

மனைவியோடு ஊட்டிக்குக் கிளம்பும் மகன், கேமராவையும் லென்ஸ்களையும் கட்டிலில் பரப்பி, எல்லாவற்றையும் கொண்டுபோவதா வேண்டாமா என்று காலையிலிருந்து குழம்புகிறான். அந்தத் தோல் பையின் வாசம் பட்டதுமே எனக்கு எரிச்சல் மூண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் அப்பாவும் இப்படித்தான். ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போக மாட்டுவண்டி கட்டினோம். அவருடைய கேமராப் பெட்டியும் அதை நிறுத்தும் முக்காலியும் படம் பதியும் கண்ணாடித் தகடுகளும் பாதி வண்டியை அடைத்துக்கொண்டன. அம்மாவுக்கு உட்கார இடமில்லை.

"ஏனுங்க, அந்தப் பொட்டிய ஊட்டுலயே வெச்சுப்போட்டு வரக்கூடாதுங்களா?"

"படம் புடிக்க வேண்டாமா அம்மணி?"

"அப்பப் பொட்டியவே கூட்டீட்டுப் போங்க. நா வரலீங்க."

அப்பா மனமிறங்குவார் என்று நினைத்தோம். அவரோ அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். காவேரியில் ஒருவரையும் குளிக்க விடவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

படம் அருமையாக வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "எல்லாரும் இருக்கறீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பா எவ்வளவு கெஞ்சியும் அவள் கேமராவின் முன் நிற்கவில்லை. அவள் போனபோது மாலை போட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

"ஏனுங்கம்மா, எடுத்துட்டுப் போகட்டுங்களா?" என்கிறான் மகன்.

"எதையோ எடுத்துட்டுப் போ சாமி. உம்பொண்டாட்டிய விட்டுப்போட்டுப் போயிராதே."